ஒரு வாசல், மூன்று பானை

கனகம் வாயைத் திறந்தால் பக்கத்துத் தெருவில் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து உட்காரும் என்று தாங்கல்மேட்டில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் அவள் புருஷன் கோதண்டராமனைக் கேட்டால் இதில் கூட்டல் ஒன்றும் இல்லை என்பார்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் போகிற வழியில், கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிற சின்ன ஊர் தாங்கல்மேடு. கனகம் பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போக அவளுக்குச் செருப்புகூடத் தேவைப்படவில்லை. வயல் இருந்தவரை நாற்று நட்டாள். வயலெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகு, கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில் சேர்ந்துகொண்டாள். அழுதுகொண்டெல்லாம் போகவில்லை. முதல் நாளே சட்டுவத்தைக் கையில் வாங்கி, ஒரு ஷிப்ட் முழுவதற்குமான சாம்பாரைத் தனியாளாகக் கிண்டிவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டவள் அவள். சூப்பர்வைசர் அன்றைக்கே அவளை ஹெல்பர் வேலையிலிருந்து அடுப்புக்கு மாற்றிவிட்டார்.

அந்தச் சட்டுவம்தான் ஊரிலும் அவளுக்கு ஒரு பதவியை வாங்கிக்கொடுத்தது. ஆடி மாதம் செல்லியம்மன் கோவிலில் கூழ் வார்ப்பார்கள். வீட்டுக்கு ஒரு பானை என்று கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, பானை கழுத்தில் வேப்பிலை கட்டி, அந்த வீட்டின் மூத்த பெண் தலையில் சுமந்து வந்து கோவில் அண்டாவில் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற நேரத்தில் பூசாரி மைக்கில் பெயர் சொல்வார், இன்னார் வீட்டுக் கூழ் வந்துவிட்டது என்று. அந்த ஒரு வார்த்தைக்காகப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டுகிற பெண்கள் உண்டு. ஒரு வருஷம் அண்டாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் வம்பு பேசிக்கொண்டு நின்றதில் கூழ் அடிபிடித்துவிட்டது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தது. அன்றைக்குக் கனகம் போட்ட சத்தத்தில் பம்பை அடித்தவர்களே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அண்டா அவள் பொறுப்பு. அதற்குப் பிறகு இன்றுவரை கூழ் ஒருதரம்கூட அடிபிடிக்கவில்லை, கட்டியும் தட்டவில்லை.

வெளியே இப்படிக் கொடிகட்டிப் பறந்தவளின் வீடு உள்ளே எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு கூடம், ஒரே ஒரு அறை, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சமையல்கட்டு. அதில் மூன்று குடும்பம். கனகமும் கோதண்டராமனும் ஒன்று. மூத்த மகன் ரகுபதியும் அவன் மனைவி கங்காவும் இன்னொன்று. இளையவன் திருமலை, அவன் மனைவி சசிகலா, அவர்களுடைய சின்னப் பெண் குழந்தை என்று மூன்றாவது. வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தை ரோடு அகலப்படுத்தியபோது எடுத்துக்கொண்டார்கள். மேலே கட்டலாம் என்றால் பழைய சுவர் தாங்காது.

இத்தனை பேர் எப்படி இருந்தார்கள் என்றால், ஷிப்ட் போட்டு இருந்தார்கள். ரகுபதிக்கு அவன் கம்பெனியில் பகல் ஷிப்ட். திருமலைக்கு வேறொரு கம்பெனியில் நிரந்தரமாக நைட் ஷிப்ட், அவனே கேட்டு வாங்கியது. ராத்திரியில் அறை மூத்தவனுக்கு. அவன் எழுந்து வேலைக்குப் போனதும், இளையவன் வந்து அதே பாயில் படுப்பான். சசிகலாவும் குழந்தையும் ராத்திரி மாமியார் மாமனாரோடு கூடத்தில். திருமலையும் சசிகலாவும் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவது சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்தில்தான். ஆளுக்கொரு நேரத்தில் சாப்பாடு என்பதால் அடுப்பும் மூன்றாகிவிட்டது. சமையல்கட்டில் ஒன்று, கூடத்து மூலையில் ஒன்று, பின்வாசலில் ஒன்று. இந்த அடுப்பு விஷயம் மட்டும் வெளியே மூச்சு விடக் கூடாது. அடுப்புப் பிரிந்த வீடு என்றால் உள்ளே அடிதடி நடந்திருக்கிறது என்றுதான் தாங்கல்மேட்டில் அர்த்தம். அவர்கள் வீட்டில் சண்டையே கிடையாது. சண்டை போடக்கூட இடம் இல்லாத வீடு அது.

மே தினத்துக் கிராம சபைக்கு வட்டார அலுவலகத்திலிருந்து காந்திமதி மேடம் வந்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், நிதானமாகப் பேசுவார். ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்க் குடும்பங்களுக்கு எத்தனை வீடு தேவைப்படுகிறது என்று அரசாங்கம் கணக்கெடுப்பதாகச் சொன்னார். தேவை இருக்கிற ஊரில் பொது நிலத்தை வீட்டுமனைக்கு ஒதுக்குவார்கள். தேவை இல்லை என்றால் அந்த நிலம் வேறு உபயோகத்துக்குப் போய்விடும். தாங்கல்மேட்டில் அப்படி ஒரு நிலம் இருந்தது. ஒரு காலத்தில் நெல் அடித்த களத்துமேடு, இப்போது பசங்கள் கிரிக்கெட் ஆடுகிற இடம். அதை லாரி நிறுத்தக் கேட்டு ஒரு கம்பெனி மனுக் கொடுத்திருந்தது. விஷயத்தை எல்லாம் புரியும்படி சொல்லிவிட்டுக் கடைசியில் மேடம், வீடு இல்லாத குடும்பத்தார் கை தூக்குங்கள் என்றார்.

ஒரு கை எழவில்லை. எப்படி எழும்? வீடு இல்லாதவன் என்பது அந்த ஊரில் வசவு. சபையில் ஒருதரம் கை தூக்கினால் சாயங்காலத்துக்குள் மண்ணூர்வரை போய்ச் சேர்ந்துவிடும், அப்புறம் மகனுக்குப் பெண் கொடுக்க எவனும் வாசல்படி ஏற மாட்டான். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் கோதண்டராமன் எழுந்து நின்றார். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறவர், மடிப்புக் கலையாத சட்டை, நிமிர்ந்த முதுகு. மைக்கை வாங்கினார்.

“எங்க ஊர்ல வூடு இல்லாதவன்னு ஒருத்தன் கெடியாது மேடம். கூரையோ தளமோ, எல்லாருக்கும் சொந்த வூடு கீது.”

கூட்டம் கைதட்டியது. எல்லோரையும்விட ஓங்கித் தட்டியது கனகம்தான். அவள் புருஷன் மைக்கில் பேசி அவள் கேட்டது அதுதான் முதல்தடவை. மேடம் கணக்கில் எழுதிக்கொண்டு போய்விட்டார். தாங்கல்மேட்டில் வீட்டுத் தேவை இல்லை.

ஆனி மாதக் கடைசியில் திருமலையின் கம்பெனியில் நைட் ஷிப்டையே எடுத்துவிட்டார்கள். இனி எல்லோருக்கும் பகல்தான். மற்றவர்கள் வீட்டில் இதைக் கேட்டு இனிப்பு வாங்கியிருப்பார்கள். கனகம் வீட்டில் திருமலை தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். மழை வந்த அன்றைக்குக் கோவில் மண்டபத்தில் போய்ப் படுத்தான். சொந்த ஊரில், சொந்த வீடு இருக்க, கோவிலில் படுத்த பிள்ளை காலையில் வந்து பல் துலக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காதது மாதிரி வேலைக்குக் கிளம்பினான். அன்றைக்குச் சசிகலா மாமியாருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அத்தை, சிங்கப்பெருமாள் கோவில் டவுன்ல ஒரு ரூம் பாத்துக்கிறோம். ஆடியில வூடு மாறக் கூடாது, ஆவணி பொறந்ததும் போயிடறோம். கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. எங்களுக்குன்னு சாத்திக்க ஒரு கதவு வேணும், அவ்ளோதான்.”

கனகம் கத்தியிருக்க வேண்டும். அவளுக்கு அதுதான் வழக்கம். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அந்தப் பெண் கேட்டதில் ஒரு தப்பும் இல்லையே! பேத்தி அவள் மடியில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள்ளேயே ஒரு ரூம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீடெல்லாம் தெற்கத்திப் பிள்ளைகளால் நிரம்பி வழிகிறது, ஒரு ரூமில் ஆறேழு பேர். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, பிழைக்க வந்தவர்கள். தெருவில் இறங்கி நடந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, எதிர்வீட்டுச் சின்னவன் படப்பையில் இருக்கிறான், கோடிவீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டார்கள். எல்லோருக்கும் சொந்த வீடு இருக்கிற ஊர் என்று கைதட்டினோமே என்று அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது. நேரே ஊராட்சித் தலைவர் அம்சவல்லி வீட்டுக்குப் போய், எங்களுக்கு வீடு வேண்டும் என்று எழுது என்றாள்.

அம்சவல்லி அவளோடு ஒன்றாகப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பதவி வந்த பிறகும் கனகத்திடம் மட்டும் பழைய பேச்சுத்தான்.

“இன்னாத்தடி எழுதறது? உன் வூட்டுக்காரரு பேசனாரு, நீ கைதட்ன. நான் பாத்துகினுதான இருந்தேன்?”

பிறகு மனசு கேட்காமல் வழியையும் சொன்னாள். கணக்கு இன்னும் முடியவில்லை. ஆகஸ்ட் பதினைந்து சபையில் இன்னொருதரம் வைப்பார்கள், அதோடு சரி. அதற்குள் மேடத்தைக் கூப்பிட்டால் வந்து பார்ப்பார். ஆனால் வந்து யாரைப் பார்ப்பது? வீட்டுக்கு வீடு போய்க் கேட்டாலும் எல்லோரும் அதே பல்லவியைத்தான் பாடுவார்கள். கோதண்டராமன் தன் வாயால் சொன்னதை மாற்றிச் சொல்வாரா? கயிறு கட்டி இழுத்தாலும் அந்தக் கை மேலே எழாது என்பது கனகத்துக்குத் தெரிந்ததுதான். அவள் வாசல்படிவரை போய்த் திரும்பி வந்தாள். அப்புறம், மேடத்தைக் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல், வந்து ஒரு வாய் கூழ் குடித்துவிட்டுப் போகட்டும் என்றாள். அம்சவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும் போன் போட்டாள்.

கூழுக்கு முந்தின வாரம் பெண்களெல்லாம் சேர்ந்து கோவிலைக் கழுவிவிடுவது வழக்கம். துடைப்பமும் தண்ணீருமாக எல்லோரும் கூடியிருந்த நேரம் பார்த்துக் கனகம் அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“இந்த வருசம் வூட்டுக்கு ஒரு பானை இல்ல. அடுப்புக்கு ஒரு பானை. எந்தப் பொண்ணு தனி அடுப்புல பொங்கறாளோ, அவ தனியா கூழ் காச்சி எட்த்துகினு வரணும்.”

துடைப்பச் சத்தம் நின்றது. எதிர்வீட்டு அம்மாள் முந்திக்கொண்டு, எங்கள் வீட்டில் ஏது இரண்டு அடுப்பு, எல்லோரும் ஒன்றாகத்தானே சாப்பிடுகிறோம் என்றாள். இன்னும் நாலைந்து மாமியார்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் வீட்டு மருமகள்கள் தரையைப் பார்த்தார்கள். யாராவது ஒருத்தி முதலில் வாயைத் திறக்க வேண்டும், அது தானாகத்தான் இருக்க வேண்டும் என்று கனகத்துக்குத் தெரிந்தது. தெருவுக்கே கேட்கிற அந்தக் குரல் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

“எங்க வூட்ல மூணு அடுப்பு கீது. சண்டையில பிரியல. எடம் பத்தாம பிரிஞ்சுது. எம் புள்ள மழையில கோவில்ல வந்து படுத்தான், தோ, இந்த மண்டபத்துலதான். இன்னும் எத்தினி நாளு மூடி வெக்கறது?”

மாமியார்கள் முகம் இறுகித்தான் இருந்தது. அப்போது கனகம் மருமகள்கள் பக்கம் திரும்பினாள். பானை கொண்டுவருகிற ஒவ்வொருத்தி பெயரையும் பூசாரி மைக்கில் சொல்வார், மாமியார் பெயரை இல்லை, உங்கள் பெயரை என்றாள். கல்யாணமாகி வந்த நாளாக மாமியார் பெயரை மட்டுமே மைக்கில் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். பின்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே பக்கத்திலிருந்தவளுக்குத் தொற்றியது.

செய்தி கோதண்டராமன் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? டியூட்டி முடிந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஊர் சிரிக்கிற மாதிரி பண்ணிவிட்டாயே என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேசாமல் இருப்பது அவருக்குச் சுலபம், பேச்சுக்கு ஆள் இல்லாமல் இருப்பது கனகத்துக்குத்தான் தண்டனை. அவள் அசரவில்லை. அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்தாவது பேசிக்கொண்டிருந்தாள்.

இடையில் இன்னொரு சிக்கல். எதிரே லைன் வீட்டில் சுகப்பிரியா என்றொரு பெண் குடியிருந்தாள், திருநெல்வேலிப் பக்கம். அவள் புருஷன் மாரிராஜ் வெல்டர். கல்யாணமான கையோடு வேலைக்காக இங்கே வந்தவர்கள், அவர்கள் பையன் இந்த ஊர் அங்கன்வாடியில் சோறு தின்று வளர்ந்து இப்போது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். கனகம் மாவு சலித்துக்கொண்டிருக்கையில் வந்து நின்றாள்.

“பெரியம்மா, நானும் தனி அடுப்புலதான பொங்குதேன். ஒரு பானை கொண்டாரட்டா?”

கனகம் பார்க்கலாம் என்று சொல்லிச் சமாளித்து அனுப்பினாள். ஊர்க்காரப் பெண்களைச் சம்மதிக்க வைப்பதற்கே நாக்குத் தள்ளுகிறது, இதில் வாடகைக்கு இருக்கிறவளையும் சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடுமோ என்ற பயம். சொல்லி அனுப்பிவிட்டாளே தவிர, அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போன விதம் அவளை என்னவோ செய்தது.

கூழ் வார்க்கிற நாள் வந்தது. பம்பையும் உடுக்கையும் காலையிலேயே ஆரம்பித்துவிட்டன. காந்திமதி மேடம் சொன்னபடி வந்து, அம்சவல்லிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றார்களே தவிர ஒருவரும் கிளம்பவில்லை. முதலில் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கனகம் வீட்டுக் கதவு திறந்தது. முன்னால் கனகம், தலையில் மஞ்சள் பூசிய பானை. அவளுக்குப் பின்னால் கங்கா, ஒரு பானை. அவளுக்குப் பின்னால் சசிகலா, இன்னொரு பானை, குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. ஒரு வாசலிலிருந்து மூன்று பானை இறங்கியதை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. கோதண்டராமன் திண்டாடிப்போய் வாசலில் சைக்கிள் செயினை எதற்கோ கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. கனகம் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நடந்தாள். பாதித் தெரு போன பிறகுதான் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அம்மாள், ஒரே அடுப்பு என்று சாதித்த அதே அம்மாள், மருமகளை முன்னால் விட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவள் வந்ததும் கோடிவீடு, அதற்கப்புறம் தெருவே கிளம்பிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலும் படப்பையிலும் வாடகைக்குப் போயிருந்த மருமகள்கள்கூட ஷேர் ஆட்டோவில் பானையை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

பூசாரி மைக்கில் திணறிப்போனார். பெயர் கேட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. “சசிகலா வூட்டுக் கூழு வந்துச்சு” என்று அவர் சொன்னபோது, சசிகலா பானையைக் கவிழ்த்த கையோடு அப்படியே நின்றாள். பின்னால் இருந்தவள் தள்ளிய பிறகுதான் நகர்ந்தாள். கனகம் அண்டாவைக் கிண்டிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

கடைசியில், வரிசை முடிந்த பிறகு, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் சுகப்பிரியா நின்றாள். தலையில் பானை. கூப்பிட்டால் வருவாள், இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவாள் என்பது மாதிரி நின்றாள். யாரோ ஒருவர், வாடகைக்கு இருக்கிறவர்களுக்கெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தது கேட்டது. பூசாரி கனகத்தைப் பார்த்தார். மேடமும் பார்த்தார். அண்டா யார் பொறுப்போ அவர்கள்தான் சொல்ல வேண்டும். கனகம் சட்டுவத்தை வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். சுகப்பிரியாவின் தலையிலிருந்து பானையைத் தன் கையாலேயே இறக்கி, அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ஊற்றச் சொன்னாள். ஊற்றிய கூழை நன்றாகக் கலந்துபோகும்படி கிண்டினாள். முணுமுணுப்பு வந்த பக்கம் திரும்பினாள்.

“தோ கலந்துடுச்சி. இதுல அவுங்க கூழு எது, உங்க கூழு எதுன்னு எட்த்து தனியா வெய்யி பாப்போம்.”

முணுமுணுத்தவர் கிண்ணத்தை நீட்டிக் கூழை வாங்கிக்கொண்டார். பூசாரி மைக்கில், சுகப்பிரியா வூட்டுக் கூழு வந்துச்சு என்றார்.

மேடம் கருவாட்டுக் குழம்பைத் தொட்டுக்கொண்டு இரண்டு கிண்ணம் குடித்தார். அப்புறம் அம்சவல்லியிடம், ஒரே வாசலிலிருந்து மூன்று பானை வந்ததே என்று கேட்டார். அம்சவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சொந்த வீடு இருந்தும் இடம் பற்றாமல் இருக்கிற குடும்பமும் இந்தக் கணக்கில் சேரும், பல வருஷமாக இங்கேயே குடியிருக்கிறவர்களும் சேரும், மே மாதமே ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அடுப்பெல்லாம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றார். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவர் வீடு வீடாகப் போனார். மருமகள்கள்தான் முன்னால் போய்க் காட்டினார்கள். மாடிப்படிக்குக் கீழே ஓர் அடுப்பு, மாட்டுக் கொட்டகையில் ஓர் அடுப்பு, குளியலறைக்கு வெளியே ஒன்று. ஒருத்தியும் வெட்கப்படவில்லை. இதில் காய்ச்சிய கூழுக்குத்தான் காலையில் மைக்கில் பெயர் சொன்னார்கள்.

ஆனால் கிளம்பும்போது மேடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். நான் பார்த்தது மட்டும் போதாது. சபையில் குடும்பத்தார் எழுந்து சொன்னால்தான் தீர்மானத்தில் ஏறும்.

ஆகஸ்ட் பதினைந்து. ஊராட்சி ஆபீஸ் வாசலில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் சபை ஆரம்பித்தது. ஆவணி பிறக்க இன்னும் ஓரிரு நாள்தான். சசிகலா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். களத்துமேட்டை லாரிக்குக் கேட்ட கம்பெனியின் ஆளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடம் மைக்கில், இடம் பற்றாத குடும்பங்கள் எழுந்து சொல்லுங்கள் என்றார்.

ஆண்கள் பக்கம் மூச்சுப் பேச்சில்லை. பானை தூக்கியது பெண்கள் சமாச்சாரம், சபையில் எழுந்து நிற்பது வேறு. ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவர் எழட்டும் என்று பார்த்தார்கள். கனகத்துக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. தரையில் கையூன்றி எழப் போனாள். ஆண்கள் வரிசையிலிருந்து கோதண்டராமன் அவளைப் பார்த்து, உட்கார் என்று கையால் காட்டினார். இத்தனைக்குப் பிறகும் இந்த மனுஷன் தடுக்கிறாரே என்று நினைத்தாள். அவர் எழுந்து நின்றார். அதே மடிப்புக் கலையாத சட்டை, அதே நிமிர்ந்த முதுகு. கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

“மே மாசம் இங்க நின்னுகினு பீத்திகினவன் நான்தான். எங்க வூடு நல்ல வூடு மேடம், எங்கப்பா கட்னது. அதுல மூணு அடுப்பு எரியுது. எம் புள்ள தூங்க எடமில்லாம இந்த ஊர வுட்டே போறான். எங்களுக்கு வூடு பத்தல. எழுதிக்குங்க.”

தூக்கிய கையை அவர் இறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் எழுந்தார். கோடிவீட்டுக்காரர் எழுந்தார். பிறகு யார் யார் என்று பார்க்க முடியவில்லை. பின்னால் மாரிராஜ் பாதி எழுந்து, எழலாமா கூடாதா என்று முழித்தான். உட்காரச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, அவனும் நேராக நின்றுகொண்டான். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. கனகம் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இந்த ஆளுக்கா வாழ்க்கைப்பட்டோம் என்று எத்தனையோ தரம் சலித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அதே வார்த்தை அவள் மனசுக்குள் வேறு மாதிரி ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

களத்துமேடு வீட்டுமனைக்குத்தான் என்று தீர்மானம் ஆனது. மேலே போய், கையெழுத்தாகி, அளந்து கல் நட்டு, வீடு கட்டி முடிக்க நாளாகும் என்று மேடம் ஒளிக்காமல் சொன்னார். திருமலை அம்மாவிடம் வந்து, எப்போது என்று தெரிந்தால் மாடியில் படுத்துக்கூட ஓட்டிவிடலாம், முடிவே தெரியாமல் படுப்பதுதான் முடியவில்லை என்றான். அங்கிருந்தபடியே சிங்கப்பெருமாள் கோவில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ரூம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சாயங்காலம் கனகமும் கோதண்டராமனும் களத்துமேட்டுப் பக்கம் நடந்தார்கள். அவர் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார். அங்கே ஏற்கெனவே திருமலையும் சசிகலாவும் வெறும் தரையில் நின்றுகொண்டிருந்தார்கள். எந்த மனை யாருக்கு என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதற்குள் திருமலை கிழக்கே பார்த்துக் கதவு வைக்க வேண்டும் என்கிறான், சசிகலா வடக்கே பார்த்துத்தான் என்கிறாள். அவன் ஒரு கோடு கிழித்தான், அவள் அதைக் காலால் அழித்தாள். குரல் ஏறிக்கொண்டே போனது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெண் இவ்வளவு சத்தமாகப் பேசிக் கனகம் கேட்டதில்லை.

கோதண்டராமன் பதறிப்போய், போய் விலக்கிவிடு என்றார்.

“நீ சும்மா இரு,” என்றாள் கனகம். “இத்தினி நாளா எங்கய்யா எடம் இருந்துச்சி? நல்லா போட்டுக்கட்டும் சண்டைய.”